நாலாம் நம்பர் முத்திரை

அண்ணன் இடது கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு தம்ளரில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். காலை ஏழரை மணி. அவனைத் திட்டுவதற்கென்றே இரண்டு பஸ் மாறி வந்திருந்த தங்கை, செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறை வாசலில் நின்று அதைப் பார்த்தாள். சொல்ல வேண்டியவற்றையெல்லாம் வழியிலேயே ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி வைத்திருந்தாள். ஆறு வருஷம் குடியைத் தொடாமல் இருந்தவனுக்கு இப்போது என்ன கேடு வந்தது, பிள்ளைகள் முகத்தில் எப்படி முழிக்கிறாய், ஒருத்தன் காலை நசுக்கிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறாயே, தொண்டையில் சோறு இறங்குகிறதா உனக்கு. நேற்றுச் சாயங்காலம் அண்ணி போனில் எல்லாவற்றையும் சொல்லி அழுததிலிருந்து அவளுக்குக் கோபம் அடங்கவில்லை. ராத்திரி சாப்பிடவில்லை. காலையில் பல் தேய்க்கும்போதே உதடுகள் தானாக ஏதோ பேசிக்கொண்டிருந்தன.

அண்ணன் ஒரு சரக்குக் கிடங்கில், சரக்கைத் தூக்கி அடுக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுகிறவன். பதினான்கு வருஷத்தில் ஒரு பெட்டியைக்கூடக் கீழே போடாதவன் என்று பேர் வாங்கியவன். பத்து நாளைக்கு முன்னால் மூன்றாவது அடுக்கில் சரக்கை ஏற்றும்போது அடுக்கின் விளிம்புக்குச் சற்றுக் கீழே கொண்டுபோய் முட்டிவிட்டான். சரக்கு சரிந்து, கீழே நின்றிருந்த லோடுமேனின் வலது பாதத்தில் விழுந்தது. மூன்று எலும்பு நொறுங்கிப் போனது. பதறிப்போய் வண்டியிலிருந்து இறங்கிய அண்ணன், இருக்கிற இரண்டு படியில் தடுக்கிக் குப்புற விழுந்திருக்கிறான். ஓடி வந்த பாதுகாப்பு அதிகாரியிடம், "எல்லாம் ரெண்டு ரெண்டா தெரியுது சார்" என்று சொல்லியிருக்கிறான். அந்த ஒரு வாக்கியமே போதுமானதாக இருந்தது. குடித்திருக்கிறானா என்று ஊதிக் காட்டச் சொல்லும் கருவி அன்றைக்குப் பார்த்து ரிப்பேருக்குப் போயிருந்தது. அதனால் என்ன, ஆள் தள்ளாடினான், இரட்டையாகத் தெரிகிறது என்று அவனே ஒப்புக்கொண்டான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, வேலையை விட்டு நிறுத்தி வைத்துவிட்டார்கள். குடிகாரன் என்ற அவனுடைய பழைய பேரும் அதற்கு நன்றாக ஒத்தாசை செய்தது. வியாழக்கிழமை விசாரணை.

"என்ன பண்றே?" என்றாள்.

"தண்ணி ஊத்தறேன்."

"அதுக்கு எதுக்குக் கண்ண மூடறே?"

"மூடலன்னா வெளியில ஊத்திடறேன்." அவன் அதைத் திருட்டை ஒப்புக்கொள்வது போலச் சொன்னான். "ரெண்டு தம்ளர் தெரியுது. எது நிஜ தம்ளர்னு கண்டுபிடிக்கறதுக்குள்ள மேடையெல்லாம் தண்ணி."

அவள் கிட்டே போனாள். அவன் புரிந்துகொண்டு, அவள் கேட்பதற்கு முன்னாலேயே அவள் முகத்துக்கு நேராக 'ஹா' என்று ஊதினான். பற்பசை வாசனை. "போதுமா? உங்க அண்ணி தெனம் மூணு வேளை ஊதச் சொல்றா. மருந்து மாதிரி."

அடுக்கி வைத்திருந்ததெல்லாம் அவளுக்குள் அப்படியே நின்றுவிட்டது. ஆனால் கோபம் நிற்கவில்லை. அது எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் முட்டிக்கொண்டு நின்றது.

"ரெண்டு தம்ளரும் பக்கத்துப் பக்கத்துல தெரியுதா, மேலயும் கீழயுமா?"

"மேலயும் கீழயும். ஒண்ணு கொஞ்சம் எறங்கி நிக்குது."

"கண்ணாடியக் கழட்டு. இப்ப?"

"இப்ப ஒண்ணுதான். ஆனா அது தம்ளரா சொம்பான்னு கேட்டா சொல்லத் தெரியாது."

"இத ஏன் நீ யார்கிட்டயும் சொல்லல?"

அண்ணன் கண்ணாடி இல்லாத கண்களால் அவள் இருந்த திசையைப் பார்த்தான். "யார்கிட்ட சொல்லல? கடைக்காரன்கிட்ட சொன்னேன், புதுக் கண்ணாடி பழக ரெண்டு வாரம் ஆகும்னான். டாக்டர்கிட்ட சொன்னேன், முன்னாடி குடிச்சதுக்கு நரம்பு இப்பக் கணக்குத் தீக்குதுன்னார். உன்கிட்டயும்தான் போன்ல சொன்னேன்."

சொல்லியிருந்தான். மூன்று வாரத்துக்கு முன்னால். அவள் அப்போது என்ன பதில் சொன்னாள் என்பது அவளுக்கு வார்த்தை வார்த்தையாக ஞாபகம் இருந்தது. 'ரெண்டு ரெண்டா தெரியுதா? எத்தனையாவது கிளாஸ்ல இருந்து?' என்று கேட்டுவிட்டுப் போனை வைத்திருந்தாள்.

அதற்கு முன்பே இருவருக்கும் பேச்சு வார்த்தை சரியில்லை. அவள் வேலை செய்வது கண்ணாடிக்கு லென்ஸ் வெட்டி ஃபிரேமில் பொருத்தி அனுப்பும் லேபில். ஊரிலிருக்கும் பாதிக் கடைகளுக்கு அங்கிருந்துதான் போகும். அண்ணனுக்குச் சின்ன வயதிலிருந்தே ப்ளஸ் பவர், இரண்டு கண்ணிலும் ஐந்தரை. கண்ணாடி இல்லாவிட்டால் கதவு எது, சுவர் எது என்று தடவ வேண்டும். வருஷா வருஷம் அவள்தான் தன் கையால் செய்து கொடுப்பாள். போன வருஷம் அண்ணி வீட்டுக்காரர்கள் எல்லாரும் கூடியிருந்த இடத்தில் ஏதோ வாக்குவாதம் முற்றி, 'நான் இல்லேன்னா உனக்குக் கண்ணே கிடையாது' என்று சொல்லிவிட்டாள். பழைய கண்ணாடி உடைந்ததும், அவளிடம் வராமல் கடைவீதியில் ஒரு கடையில் போய் வாங்கிக்கொண்டான். அவ்வளவுதான் அவனுடைய ரோஷம்.

அவள் கண்ணாடியை வாங்கி ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். சமையல் மேடைக்கு மேலே சுவரில் ஓடுகள் பதித்திருந்த குறுக்குக் கோடு ஒன்று இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நேராகப் போனது. கையை நீட்டி, கண்ணாடியின் இரண்டு வில்லைகளையும் அந்தக் கோட்டின் மேல் வைத்துப் பார்த்தாள். வலது வில்லைக்குள் தெரிந்த கோடு வெளியே இருந்த கோட்டோடு சேர்ந்து ஒரே கோடாக ஓடியது. இடது வில்லைக்குள் அது ஒடிந்து இறங்கிப் போயிருந்தது. யாரோ சுவரை வெட்டி ஒட்டும்போது தவறவிட்டது போல.

"அண்ணி, இந்தக் கண்ணாடி வந்த பெட்டி எங்க?"

அண்ணி அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். அழுதழுது முகம் தடித்திருந்தது. "ஏன், என்ன ஆச்சு? குடிச்சிருக்காரா இல்லையா? அத மட்டும் சொல்லு."

"இல்ல அண்ணி."

"உன் அண்ணன்கிறதுக்காகச் சொல்றியா?"

"என் அண்ணன்கிறதுக்காகச் சொல்றதா இருந்தா முதல்லயே சொல்லியிருப்பேனே" என்று அவள் கத்தினாள். இருவருமே திகைத்துப் போனார்கள். கண்ணாடியையும் பெட்டியையும் பைக்குள் போட்டுக்கொண்டு படியிறங்கினாள். அண்ணன் பின்னாலிருந்து, "அத எடுத்துட்டுப் போயிட்டா நான் எதப் போட்டுக்கறது?" என்று கேட்டது தெரு வரை கேட்டது.

பஸ்ஸில்தான் பெட்டியைத் திறந்தாள். உள்ளே மடித்து வைத்திருந்த சின்ன அட்டை. அவளுடைய லேபின் அட்டை. பவர், தேதி, லென்ஸ் ஜோடி வந்த தட்டின் எண், கீழே நீல மையில் வட்டமாக ஒரு முத்திரை, வட்டத்துக்குள் 4. லேபில் சோதனை மேஜைக்காரர்களுக்கு ஆளுக்கொரு எண். பேரே மறந்துபோய் ஒருவரையொருவர் எண்ணால்தான் கூப்பிட்டுக்கொள்வார்கள். பக்கத்து மேஜைக்காரி ஏழு. அவள் நாலு.

யாரோ கன்னத்தில் அறைந்தது போலிருந்தது. பஸ் நிறுத்தம் தாண்டிப் போய்விட்டது. இறங்கித் திரும்பி நடந்தாள். வெயில். நடக்க நடக்கத் தன்னுடைய வலது கையைப் பார்த்துக்கொண்டே போனாள்.

லேபில் நேராக லென்சோமீட்டர் முன்னால் போய் உட்கார்ந்தாள். குழாய் போன்ற கருவி. உள்ளே பச்சை வெளிச்சத்தில் கோடுகள் தெரியும். லென்ஸைக் கருவியின் சிறு மேஜையில் வைத்து நகர்த்தி, அந்தக் கோடுகள் சரியாக நடுவில் வந்து வெட்டிக்கொள்ளும் இடத்தைப் பிடித்தால் அதுதான் லென்ஸின் மையம். ஒரு விசையை அழுத்தினால் அந்த இடத்தில் மைப்புள்ளி விழும். லென்ஸ் என்பதே மையத்தைச் சுற்றி அடுக்கிய ஆப்புகள் போலத்தான். நடுவில் விழுகிற வெளிச்சம் மட்டும் நேராகப் போகும். நடுவை விட்டு விலக விலக வெளிச்சம் வளையும். பவர் கூடக் கூட இன்னும் வளையும். அப்படி எல்லாப் பக்கத்திலிருந்தும் வளைந்து வருவது ஓரிடத்தில் கூடினால்தான் உருவம். அதனால் மையம் கண்ணின் பாவைக்கு நேரே இருக்க வேண்டும். இரண்டு மையமும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். பக்கவாட்டில் கொஞ்சம் பிசகினால் கண் எப்படியோ சமாளித்துக்கொள்ளும், உள்ளே வெளியே திரும்பிப் பழக்கப்பட்டதுதானே. ஆனால் ஒரு கண் மேலேயும் ஒரு கண் கீழேயும் பார்க்க மனுஷனுக்குப் பழக்கமில்லை. இதெல்லாம் அவளுக்கு ஒன்பது வருஷப் பாடம். புதிதாக வருகிறவர்களுக்கு அவளே சொல்லிக்கொடுத்திருக்கிறாள்.

வலது மையத்தில் புள்ளி வைத்தாள். மேஜையின் உயரத்தை மாற்றாமல் கண்ணாடியை அப்படியே நகர்த்தி இடது வில்லையை வைத்தாள். பச்சைக் கோடுகள் நடுவில் இல்லை. எங்கோ ஓரத்தில் ஒதுங்கிக் கிடந்தன. பிடித்துக் கொண்டுவந்து புள்ளி வைத்து, அளவுகோலால் அளந்தாள். இடது மையம் நாலு மில்லிமீட்டர் மேலே. ஐந்தரைப் பவரில் நாலு மில்லிமீட்டர் என்றால், ஐந்து மீட்டர் தூரத்தில் அரைச் சாண். அண்ணனின் இடது கண்ணுக்கு உலகமே அரைச் சாண் இறங்கி நின்றிருக்கிறது. வண்டியில் சரக்கைத் தூக்கும் முள்ளை ஒரு கண்ணாலும் அடுக்கை இன்னொரு கண்ணாலும் பார்த்துக்கொண்டு இரண்டு வாரம்போலச் சரக்கு ஏற்றியிருக்கிறான். அன்றைக்கு வரை யார் தலையிலும் விழாமல் இருந்ததுதான் ஆச்சரியம்.

"நாலு, என்னடி ஆச்சு? மூஞ்சியே சரியில்ல" என்றாள் ஏழு.

அவள் அட்டையைக் காட்டினாள். ஏழு தேதியைப் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள். "அன்னைக்கா? அன்னைக்கு மூணாவது மெஷின்ல லென்ஸப் புடிக்கற முனை தளர்ந்து போச்சே. மறுநாள் காலையில ஆள் வந்து சரி பண்ணினானே, மறந்துட்டியா?"

மெஷின் மறுநாள் சரியானது. முந்தின நாள் அந்த மெஷின் வெட்டிய முப்பத்தெட்டு ஜோடிக் கண்ணாடிகள் அதற்குள் வண்டி ஏறிவிட்டன. யாரும் அவற்றைத் திருப்பி வரவழைக்கவில்லை. ரிப்பேர் நோட்டில் மேனேஜரின் கையெழுத்து இருந்தது. தெரிந்தே விட்டிருக்கிறார்கள். ஆனால் முப்பத்தெட்டிலும் சோதனை முத்திரை இருந்திருக்கும். இந்த வருஷ ஆரம்பத்தில் மேனேஜர் எல்லாரையும் நிற்க வைத்துச் சொன்னது அதுதான். ஐந்துக்கு ஒன்று பாருங்கள், ஐந்துக்கும் முத்திரை போடுங்கள். அன்றைக்கு ஏழு மட்டும் 'இது சரியில்லையே சார்' என்று முனகினாள். அவள் முனகக்கூட இல்லை. வீட்டுக்குச் சீக்கிரம் போகலாம் என்று உள்ளுக்குள் சந்தோஷப்பட்டாள். முத்திரை போடும்போது தப்தப்பென்று ஒரு தாளம் வரும், ஏழும் அவளும் அந்தத் தாளத்துக்குச் சிரித்துக்கொண்டே வேலை செய்வார்கள். அந்தத் தாளத்தில் ஒரு தப், அண்ணன்.

மேனேஜர் அறைக் கதவைத் தட்டாமல் திறந்தாள். கண்ணாடியை அவர் மேஜையில் வைத்து விஷயத்தைச் சொன்னாள். அவர் நிதானமாகக் கேட்டார். கண்ணாடியை எடுத்து இரண்டு காதுக் கம்பிகளையும் விரித்து மூடிப் பார்த்தார்.

"ஃபிரேம் கோணியிருக்கும்மா. ஆள் இதப் போட்டுக்கிட்டு விழுந்திருக்கார்னு நீயே சொல்றே. விழுந்தா கோணாதா?"

"ஃபிரேம் கோணினா லென்ஸுக்குள்ள இருக்கற மையம் நகருமா சார்? லென்ஸோட விளிம்புல இருந்து அளந்திருக்கேன். வலதுல மேல பதினஞ்சு, இடதுல மேல பதினொண்ணு. வெட்டும்போதே தப்பா வெட்டியிருக்கு."

"சரி. அப்ப நீ ஏன் முத்திரை போட்டே?"

"நீங்கதான் அஞ்சுக்கு ஒண்ணு பாத்தா போதும்னீங்க."

"எழுதிக் கொடுத்தேனா?" என்றார் அவர். கண்ணாடியை அவள் பக்கம் தள்ளினார். குரல் கனிந்தது. "கோபத்துல எதையும் பண்ணாதே. உங்க அண்ணனுக்குப் புதுசா ஒண்ணு, நல்ல லென்ஸாப் போட்டுக் கொடுத்துடுவோம். விசாரணைக்கெல்லாம் இத எடுத்துட்டுப் போனா முதல்ல யார் பேர் வரும்னு யோசிச்சுப் பாரு. முத்திரை என்னுது இல்ல."

"அன்னைக்குப் போன மத்தவங்க? முப்பத்தேழு பேர் சார். யாராவது பஸ் ஓட்டுறவங்களா இருந்தா? மாடிப்படி எறங்கற வயசானவங்களா இருந்தா?"

"புகார் வந்தா பாத்துக்கலாம். இதுவரைக்கும் வரல."

"எப்படி வரும்? ரெண்டு வாரத்துல பழகிடும்னு சொல்லித்தானே அனுப்பறோம்! வயசாச்சு, குடிச்சிருக்கே, நரம்புத் தளர்ச்சின்னு அவங்க தலையிலயே கட்டிடறோம். அவங்களும் நம்பிக்கிட்டுப் போயிடறாங்க!" அவள் குரல் வெளியே மேஜைகள் வரை கேட்டது. அரவை மெஷின் ஒன்று நின்றது. "எங்க அண்ணன் மூணு வாரமா நரம்பு கெட்டுப்போச்சுன்னு நம்பிக்கிட்டு ஒத்தக் கண்ண மூடித் தண்ணி குடிச்சிட்டிருக்கான் சார்!"

மேனேஜர் கதவைச் சாத்த எழுந்து போனார். சாத்துவதற்கு முன் அவள் வெளியே வந்துவிட்டாள். அன்று மாலை, ஏழு யாரும் பார்க்காதபோது அவள் பையில் ஒரு தாளைச் செருகினாள். அந்தத் தேதியின் முப்பத்தெட்டுத் தட்டு எண்களும், எந்தெந்தக் கடைக்குப் போனது என்பதும், ஏழின் கோணல் கையெழுத்தில். அடுத்த இரண்டு நாளும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவள் மாடிக்குப் போய் ஒவ்வொரு கடையாகப் போன் செய்தாள். சிலர் எண்ணைக் குறித்துக்கொண்டார்கள். சிலர், நீ யாரம்மா, கம்பெனியிலிருந்து கடிதம் வரட்டும் என்றார்கள். ஒரு கடைக்காரர் மட்டும், "ஒரு அம்மா தினம் வந்து சண்டை போடறாங்க. பைத்தியம்னு நெனச்சேன்" என்றார்.

வியாழக்கிழமை, கிடங்கின் இரண்டாம் மாடியில் ஒரு நீளமான அறை. ஒரு கோடியில் பெரிய ஜன்னல், மறுகோடியில் மேஜை. மேஜைக்குப் பின்னால் விசாரணை அதிகாரி, படிக்கிற கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். பக்கத்தில் பாதுகாப்பு அதிகாரி. எதிரே நாற்காலியில் லோடுமேன், கட்டுப் போட்ட காலை இன்னொரு நாற்காலியில் நீட்டியிருந்தார். ஊன்றுகோல் சுவரில் சாய்ந்திருந்தது. அவர் அண்ணனை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. அண்ணன், அவள் அளந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்திருந்த அதே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வலது கண்ணால் மட்டும் உலகத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். அவன் பக்கத்தில், அவனுக்காகச் சாட்சி சொல்ல வந்த அவள். புதிதாக ஒன்றை அவளே செய்து கொடுத்திருக்கலாம்தான். ஆனால் லேபில் அவள் கை பட்ட ஒவ்வொரு தட்டையும் இரண்டு நாளாக மேனேஜர் தானே வந்து எடுத்துப் போய்க்கொண்டிருந்தார்.

பாதுகாப்பு அதிகாரி தன் அறிக்கையை வாசித்தார். 'இரட்டையாகத் தெரிவதாகத் தாமாகவே ஒப்புக்கொண்டார்' என்ற இடத்தில் கொஞ்சம் நிறுத்தினார், ரசிக்கிற மாதிரி. அவளுக்குக் காது சூடாயிற்று.

"அவருக்கு ரெண்டாத் தெரிஞ்சது உண்மைதான் சார்" என்று எழுந்தாள். "ஏன் தெரிஞ்சதுன்னு காட்டறேன். பேசறத விட நீங்களே பாத்துடலாம். விளக்க மட்டும் அணைக்கச் சொல்லுங்க."

அண்ணனிடமிருந்து கண்ணாடியைக் கழற்றி வாங்கினாள். மேஜையிலிருந்த ஒரு கோப்புப் பெட்டியின் மேல் இரண்டு வளையங்களின் அடிப்பாகமும் படுகிற மாதிரி, ஜன்னலைப் பார்க்க நிறுத்தினாள். கோடு போட்ட ஒரு தாளை அட்டையில் ஒட்டி, கண்ணாடிக்குப் பின்னால் ஏழு அங்குலத்தில் செங்குத்தாகப் பிடித்தாள். முன்னும் பின்னும் கொஞ்சம் நகர்த்தினாள். மங்கலாக இருந்த இரண்டு வெளிச்சத் திட்டுகள் சுருங்கிச் சுருங்கி, சட்டென்று இரண்டு ஜன்னல்களாக ஆயின. தீப்பெட்டிப் படம் அளவு. தலைகீழ். வானம் கீழே, ஜன்னல் கட்டை மேலே, வெளியே போன ஒரு பறவைகூடத் தலைகீழாக இரண்டு தடவை போனது. விசாரணை அதிகாரி நாற்காலியை விட்டு எழுந்து வந்துவிட்டார்.

"லென்ஸ் இப்படித்தான் சார் உருவத்தக் கொண்டுவந்து வைக்கும். மையம் எங்கயோ உருவமும் அங்கதான். இப்ப ரெண்டு ஜன்னல் கட்டையும் எந்தக் கோட்டுல இருக்குன்னு பாருங்க."

வலது ஜன்னலின் கட்டை ஒரு கோட்டின் மேல் கச்சிதமாகப் படுத்திருந்தது. இடது ஜன்னலின் கட்டை அதற்கு அரை வரி மேலே நின்றது. இரண்டு கோடுகளுக்கு நடுவில், எதன் மேலும் படாமல். தலைகீழ்ப் படத்தில் மேலே என்றால் கண்ணுக்குக் கீழே.

"பெட்டி சாய்வா இருக்கலாம்" என்றார் பாதுகாப்பு அதிகாரி.

"அப்ப சாரோட கண்ணாடிய அதே பெட்டி மேல வைங்க."

விசாரணை அதிகாரி கழுத்திலிருந்து கயிற்றைக் கழற்றிக் கொடுத்தார். அவருடையது பவர் குறைவு. தாளை இன்னும் தள்ளி, ஒரு முழம் தள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தது. ஜன்னல்கள் பெரிதாக, மங்கலாக விழுந்தன. ஆனால் இரண்டும் ஒரே கோட்டில் நின்றன. அவர் வெகுநேரம் அதைப் பார்த்தார். பிறகு அண்ணனுடையதைத் தானே எடுத்து வைத்து, தானே தாளைப் பிடித்துப் பார்த்தார்.

"இவர் இத நம்மகிட்ட அன்னைக்கே சொல்லியிருக்கார்" என்று அவர் பாதுகாப்பு அதிகாரியிடம் சொன்னார். பாதுகாப்பு அதிகாரி தாள்களை அடுக்கினார். "இது எப்படி வெளியில வந்தது? சோதனைன்னு ஒண்ணு கிடையாதா?"

இந்த இடத்தைப் பற்றி அவள் மூன்று நாளாக யோசித்திருந்தாள். மெஷினைப் பற்றி முதலில் சொல்லலாம், மேனேஜரைப் பற்றி முதலில் சொல்லலாம் என்றெல்லாம். வாய் திறந்தபோது எதுவும் அந்த வரிசையில் வரவில்லை. கண்ணாடிப் பெட்டியிலிருந்த லேப் அட்டையை எடுத்து மேஜையில் வைத்தாள்.

"இருக்கு சார். இந்த நாலாம் நம்பர் முத்திரை. நான்தான் அது."

அண்ணன் தலையை நிமிர்த்தினான். கண்ணாடி இல்லாததால் அவள் முகம் இருக்கும் இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி எங்கோ பார்த்தான். "நீ பாத்தா அனுப்பினே?"

"பாக்கல. பாக்காமயே முத்திரை போட்டேன்."

அவன் ஏதாவது கத்தியிருந்தால் தேவலை. கத்தியது லோடுமேன்தான். இத்தனை நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தவர் நாற்காலியில் திரும்பியதில் கட்டுப் போட்ட கால் இடறி, வலியில் முகம் கோணியது.

"பாக்காம போட்டியா? ஒரு நிமிஷம் ஆகுமாம்மா அதப் பாக்க? சொல்லும்மா, ஒரு நிமிஷமா, ரெண்டு நிமிஷமா?"

"ஒரு நிமிஷம்தான்" என்றாள்.

"ஒரு நிமிஷம்." அவர் அந்த வார்த்தையைத் துப்பினார். "என் பாதம் இனிமே மடங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டார். நான் ரெண்டு வாரமா இந்த ஆளச் சபிச்சுக்கிட்டுக் கிடந்தேன். இவன் பெத்த புள்ளைங்களையெல்லாம் சேத்துச் சபிச்சேன். இப்ப அந்தச் சாபத்த நான் எங்க கொண்டுபோய் வைக்கறது? உன் தலையிலயா? உன் மெஷின் தலையிலயா?" பாதுகாப்பு அதிகாரி பக்கம் திரும்பினார். "இல்ல, ரிப்பேருக்குப் போன உங்க ஊதற மெஷின் தலையிலயா?"

பாதுகாப்பு அதிகாரி, "அமைதியா பேசுங்க" என்றார்.

"கால நசுக்கினப்பவும் அமைதியாத்தான் இருக்கச் சொன்னீங்க!"

விசாரணை அதிகாரி எல்லாரையும் கையமர்த்தினார். முடிவைக் கடிதமாக அனுப்புவோம் என்றார். கண்ணாடி சாட்சியப் பொருள், இங்கேயே இருக்க வேண்டும் என்று ஒரு உறைக்குள் போட்டு ஒட்டிக் கையெழுத்துப் போட்டார். அவள் சொன்னதையெல்லாம் எழுதித் தரச் சொன்னார். மெஷின், ரிப்பேர் நோட்டு, ஐந்துக்கு ஒன்று, முப்பத்தேழு பேர் என்று எல்லாவற்றையும் எழுதினாள். பேனா தாளைக் கிழிக்கிற அளவுக்கு அழுந்தியது. கடைசியில் தன் முழுப் பேரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். நாளைக்கு லேப் வாசலில் தன்னை உள்ளே விடுவார்களா என்று தெரியாது. விட்டால் முதல் தட்டிலிருந்து ஒவ்வொன்றாக அளக்கப் போகிறாள், வண்டி நின்றாலும் சரி, மேனேஜர் தலைகீழாக நின்றாலும் சரி. விடாவிட்டால் என்ன செய்வது என்பது இன்னும் தெரியவில்லை.

வெளியே வந்தபோது மாடிப்படி முகப்பில் அண்ணனும் லோடுமேனும் நின்றிருந்தார்கள். சரக்கு லிஃப்டைச் சாப்பாட்டு நேரத்துக்காகப் பூட்டிவிட்டுப் போயிருந்தார்கள். காலுடைந்தவரைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு லிஃப்டைப் பூட்டியிருக்கிறார்கள். அவளுக்கு மறுபடி பற்றிக்கொண்டு வந்தது. சாவியைத் தேடிப் போகலாமா, அண்ணனைப் போய்ப் பிடிக்கலாமா என்று தயங்கிய அந்தக் கணத்துக்குள் லோடுமேன் முதல் படியில் ஊன்றுகோலை வைத்துவிட்டார். ஒரு கை ஊன்றுகோலில், ஒரு கை கைப்பிடிக் கம்பியில். பின்னாலிருந்த அண்ணன் காற்றைத் தடவினான். அவன் விரல்கள் லோடுமேனின் தோளில் பட்டன.

"கைய எடு."

"எடுத்தா விழுந்துடுவேன். விழுந்தா உங்க மேலதான் விழுவேன்."

லோடுமேன் திரும்பிப் பார்க்கவில்லை. முதுகு மட்டும் ஏறி இறங்கியது. "புடிச்சுக்க. பேசாதே. பேசினா உதறிடுவேன்."

அவள் மேல்படியிலேயே நின்றுவிட்டாள். ஊன்றுகோல் முதலில் இறங்கியது, பிறகு நல்ல கால், பிறகு கட்டுப் போட்ட கால். ஒவ்வொரு படியிலும் லோடுமேன் பல்லைக் கடித்துக்கொண்டு, "படி" என்றார். அண்ணன் பாதத்தால் விளிம்பைத் துழாவித் துழாவி இறங்கினான். திருப்பத்தில் நின்று இருவரும் மூச்சு வாங்கினார்கள், ஒருவரையொருவர் பார்க்காமல். தோளில் இருந்த கை அப்படியே இருந்தது. கீழே எங்கோ ஒரு ஃபோர்க்லிஃப்ட் பின்வாங்கும் ஓசை விட்டு விட்டுக் கேட்டுக்கொண்டிருந்தது. "படி" என்றார் லோடுமேன், முன்னைவிடக் கடுமையாக.